அல்டிமேட்டை வாங்குகிறவன் பக்கம் நின்று பாருங்கள்

சண்டை கேம்களில் யாருடைய அல்டிமேட், அதாவது யாருடைய மிகப் பெரிய அடி, சிறந்தது என்ற பேச்சு கிளம்பினால் போதும், ஆளாளுக்கு ஒரு வீடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இதில் எலும்பு நொறுங்குவது எக்ஸ்ரே மாதிரி தெரிகிறது, அதில் ஆளையே விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறான், இன்னொன்றில் திரை முழுக்கத் தீப்பிழம்பு. எல்லாமே அடிக்கிறவன் பக்கம் உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்த அடியை வாங்குகிறவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனும் கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறான்? அந்த நேரத்தில் அவனுக்குச் செய்ய என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் நான் மார்க் போடுவேன்.

அப்படிப் பார்த்தால், எத்தனையோ கேம்கள் வந்து போன பிறகும் என் முதலிடம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேமில் வரும் அகுமாவின் ரேஜிங் டீமனுக்குத்தான். ஜப்பானில் ஆளின் பெயர் கோகி, அடியின் பெயர் ஷுன் கோகு சாட்சு. எந்தப் பெயரில் சொன்னாலும் விளையாடியவர்களுக்கு முதுகுத்தண்டு ஒருமுறை சிலிர்க்கும்.

அது அறிமுகமான விதமே தனி. 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ. சில கடினமான நிபந்தனைகளைத் தாண்டிக் கடைசி வில்லன் எம். பைசனிடம் போய் நின்றால், சண்டை தொடங்குவதற்குள் யாரோ ஒருவன் குறுக்கே பாய்கிறான். திரை இருண்டு மீள்வதற்குள் பைசன் தரையில் கிடக்கிறான். இத்தனை நேரம் யாரை அடிக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தோமோ அவன் ஒரே நொடியில் காலி. என்ன நடந்தது என்று கேமும் சொல்லவில்லை. ரகசிய முறையில் அகுமாவை நாமே தேர்ந்தெடுத்தாலும் அந்த அடியை விட முடியாது, ஏனென்றால் அந்த கேமில் அவனுக்கு சூப்பர் என்கிற பெரிய அடியை விடத் தேவையான பட்டை, அந்த சூப்பர் கேஜே கிடையாது. அடுத்த வருஷம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா வந்தபோதுதான் அது ஆட்டக்காரன் கைக்குக் கிடைத்தது.

அதை விடுவதற்கான வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மற்ற சூப்பர்களுக்கு ஸ்டிக்கைக் கால்வட்டமாக இரண்டு முறை உருட்டி ஒரு பட்டனை அழுத்துவோம். இதற்கு அப்படி இல்லை. லைட் பஞ்ச், மறுபடியும் லைட் பஞ்ச், ஸ்டிக் முன்பக்கம், லைட் கிக், கடைசியில் ஹெவி பஞ்ச். சும்மா அழுத்தினால் முதல் பஞ்ச் திரையிலேயே வெளியே வந்துவிடும், எதிராளிக்குத் தகவல் கொடுத்தது போல. அதனால் தேர்ந்தவர்கள் அந்த ஆரம்ப பஞ்ச்களை ஒளித்து வைப்பார்கள். குதித்து இறங்கும் நேரத்தில் பாதி வரிசையை முடித்திருப்பார்கள், அல்லது வேறொரு அடியின் அசைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிடுவார்கள். வெளியே பார்த்தால் அகுமா சாதாரணமாக ஏதோ செய்துகொண்டிருப்பான், உள்ளே விரல்கள் வேறு கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்.

வரிசை முடிந்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தரையோடு வழுக்கியபடி வருவான், பின்னால் அவன் நிழலுருவங்கள் தொடரும். தொட்டால் பிடி. பிடி என்பதால் பிளாக் செய்ய, அதாவது தடுத்து நிற்க முடியாது. தொட்டதும் திரை இருட்டு. அடி விழும் ஓசையும் மின்னல் மாதிரிப் பொறிகளும்தான், வேறெதுவும் இல்லை. வெளிச்சம் வரும்போது ஒருவன் கீழே கிடப்பான், இன்னொருவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்பான், அந்த முதுகில் ஒற்றை எழுத்து. அவ்வளவுதான்.

என்ன அடித்தான் என்பதைக் காட்டாமல் விட்டதைத்தான் எல்லோரும் புகழ்வார்கள், நானும் புகழ்வேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வாங்குகிறவனுக்கு விட்டுவைத்த வழி. குதித்துவிட்டால் தப்பித்தான். கேஜ் முழுக்கச் செலவாகி, அகுமா வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு திறந்த மார்போடு நிற்பான். அகுமாவின் ஹெல்த், அதாவது உயிர்ப் பட்டை, பெரும்பாலும் மற்றவர்களைவிடக் குறைவு, அந்த நிலையில் நாலு அடி சேர்ந்து வாங்கினால் கதை மாறிவிடும்.

இதில் ஒரு குரூரமும் இருக்கிறது. சண்டை கேம் கற்றுக்கொள்ளும் யாருக்கும் முதல் பாடம், பயம் வந்தால் பின்னால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பிளாக் செய் என்பது. ஆயிரம் ரவுண்டு ஆடி அது கையில் ஊறியிருக்கும். அப்படி ஊறிப்போன நல்ல பழக்கத்தையே ரேஜிங் டீமன் தண்டிக்கிறது. குதித்தால்தான் உயிர். ஆனால் குதித்தால், மேலே எழும்பிக் குத்தும் அகுமாவின் ஷோர்யூகென் காத்திருக்கிறது. ஆக, கேஜ் நிறைந்திருக்கும்வரை எதிராளிக்குத் தரையும் சரியில்லை, வானமும் சரியில்லை. அடியை விடவே வேண்டாம். அது இருக்கிறது என்று கீழே மின்னும் அந்தப் பட்டையே பாதி வேலையைச் செய்துவிடும்.

வாங்குகிறவன் பக்கம் என்று பேசிவிட்டு சண்டை கேம்களுக்கான ஈவோ போட்டியில் 2004இல் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக், லூசர்ஸ் பைனல், அதாவது ஒருமுறை தோற்றவர்களில் யார் இறுதிக்குப் போவது என்ற ஆட்டம். டைகோ உமெஹாரா கென்னாக ஆடுகிறார், ஜஸ்டின் வோங் சுன்-லியாக. கென்னிடம் மிச்சம் ஒரு கீற்று ஹெல்த். சிறப்பு அடிகளை பிளாக் செய்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஹெல்த் குறையும் என்பதால், பிளாக் செய்தாலும் சாவு. வோங் மிகச் சரியான முடிவைத்தான் எடுத்தார். சுன்-லியின் ஹோயோகு-சென் சூப்பரை விட்டார், சரமாரியாக உதைகள் வரும் அது.

அந்த கேமில் பாரி என்று ஒன்று உண்டு. அடி வந்து படும் நொடியில் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்காமல் எதிரியை நோக்கித் தட்டினால் சேதமே இல்லாமல் தடுத்துவிடலாம். தவறினால் முழு அடி. சுன்-லியின் சூப்பர் மிக வேகமானது, திரை பளிச்சிட்ட பிறகு யோசித்தால் முதல் உதைக்கே நேரம் போதாது. வரும் என்று முன்பே காத்திருக்க வேண்டும். டைகோ காத்திருந்தார். 15 அடிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தடுத்தார். கடைசி உதையைத் தரையிலேயே தடுத்திருக்கலாம், மனுஷன் குதித்து அந்தரத்தில் தடுத்தார், இறங்கும்போதே தொடர் அடிகளாக முழு காம்போவைப் போடலாம் என்பதற்காக. கென்னின் சூப்பரோடு அந்த ரவுண்டு முடிந்தது. கூட்டத்தின் கூச்சலை அந்த வீடியோவில் கேட்காதவர்கள் தேடிக் கேளுங்கள். அந்தப் போட்டியை டைகோ கடைசியில் ஜெயிக்கவில்லை, இறுதியில் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. சண்டை கேம் வரலாற்றிலேயே அதிகம் பேசப்படும் அந்த அல்டிமேட், ஒரு அடிகூட விழாமல் போன அல்டிமேட்!

வாங்குகிறவனுக்கு ஒரு பட்டனாவது மிச்சம் வைத்தால்தான் இப்படி ஒன்று நடக்கும்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். இன்ஜஸ்டிஸ் கேமில் சூப்பர்மேன் எதிராளியைக் கீழிருந்து குத்தி பூமிக்கு வெளியே அனுப்புவான். பின்னாலேயே பறந்துபோய் மேலிருந்து மறுபடி குத்திக் கீழே இறக்குவான். 2017இல் வந்த இன்ஜஸ்டிஸ் 2இல் ஃபிளாஷ் எதிராளியைக் காலத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடி, எகிப்து ஸ்பிங்க்ஸின் மேல் மோதவைத்து, அங்கிருந்து டைனோசரின் மேல் மோதவைத்து, திரும்பக் கொண்டுவந்து போடுவான். முதல்முறை பார்க்கும்போது வாய் பிளந்து பார்ப்போம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டைனோசரில் மோதிய ஆள் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, பாதிக்கு மேல் ஹெல்த்தோடு மறுபடி லைட் கிக் போட்டுக்கொண்டிருப்பான். பிரபஞ்சம் தாண்டிப் போய்வந்தவனை முழங்காலில் உதைத்துக் கொல்ல வேண்டியிருக்கிறது. நாலாவது முறை பார்க்கும்போது வாங்குகிறவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். அடித்தவனுக்கும் அதே நிலைதான், அவனும் வேடிக்கைதான் பார்க்கிறான்.

இதற்குப் பெயர் அல்டிமேட் இல்லை, இடைவேளை.

அதைவிடக் கொஞ்சம் சிக்கலான விஷயம், தோற்கிறவனுக்குக் கொடுக்கும் அல்டிமேட். இது புதிதல்ல. 1992இல் எஸ்என்கே நிறுவனத்தின் ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கிலேயே ஹெல்த் குறைந்தால்தான் விட முடிகிற ரியூகோ ரன்பு இருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4இல் அடி வாங்க வாங்க நிறையும் ரிவெஞ்ச் கேஜ், அதிலிருந்து அல்ட்ரா காம்போ. டெக்கன் 7இல் ஹெல்த் குறைந்து ரேஜ் நிலை வந்தால் விடுகிற ரேஜ் ஆர்ட். சாகப்போகிறவனுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்பது நாடகத்துக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. வாங்குகிறவன் என்ன செய்யலாம் என்ற கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

ரேஜ் ஆர்ட் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. ரேஜ் வந்தவனின் உடம்பு சிவந்து ஒளிரும், நமக்குத் தெரியும். நாம் அடித்தாலும் அந்த அடியைத் தாங்கிக்கொண்டு மேலே வருவான் என்பதும் தெரியும். ஆகவே அடிப்பது மாதிரி பாவனை காட்டிவிட்டு நிறுத்த வேண்டும். அவன் பதறிப்போய் ரேஜ் ஆர்ட்டை விடுவான், நாம் பிளாக் செய்வோம், அப்புறம் அவன் கதி அதோகதி. இரண்டு பக்கமும் மூளை வேலை செய்கிறது. ஆனால் மார்ட்டல் காம்பாட் 11இல் ஃபேட்டல் ப்ளோ இருக்கிறதே, ஹெல்த் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மேட்சில் ஒருமுறை பட வைக்கலாம். படாமல் போனால்? செலவே ஆகாது, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும். நான் சரியாகத் தடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது என்ன? இன்னொருமுறை தடுக்கும் வேலை. அகுமா தவறவிட்டால் மொத்த கேஜும் போய்விடும் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள், எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று புரியும்.

கஷ்டமான வரிசை வைத்தால்தான் அல்டிமேட்டுக்கு மரியாதை என்று ஒரு கட்சி இருக்கிறது. எஸ்என்கே கேம்களின் வில்லன் கீஸ் ஹோவர்டின் ரேஜிங் ஸ்டார்மைப் போட ஸ்டிக்கை முறுக்கிய முறுக்கில் விரல் வலித்தவர்கள் அந்தக் கட்சிக்கு நிரந்தர உறுப்பினர்கள். நான் அதில் இல்லை. விரல் சாமர்த்தியம் இல்லாதவனுக்கும் சூப்பர் விடும் சந்தோஷம் கிடைக்கட்டுமே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மாடர்ன் கன்ட்ரோல் என்று வைத்தார்கள், ஒரு திசையும் இரண்டு பட்டன்களும் போதும், சூப்பர் வந்துவிடும். அதற்கு ஈடாக, சுருக்கு வழியில் விட்டால் சேதம் 20 சதவீதம் குறைவு. புதிதாக வருபவர்களுக்கு நல்ல கதவு அது.

ஆனால் அங்கேயும் வாங்குகிறவனை யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்று தெரிய வேண்டும். பழைய முறையில் நான் ஒரு நெருப்புப் பந்தை விடும்போது, எதிராளி அதைப் பார்த்து, ஸ்டிக்கை இரண்டு முறை உருட்டி, பட்டனை அழுத்தியாக வேண்டும். ஒரு நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள் ஓடும் கேமில் அந்த உருட்டல் சில ஃபிரேம்களைத் தின்னும். அந்த இடைவெளியில்தான் நான் துணிந்து எதையாவது செய்ய முடியும். உருட்டலே இல்லை என்றால் அவன் பார்த்தவுடன் விடுவான். கேஜ் நிறைந்த மாடர்ன் ஆட்டக்காரனுக்கு எதிரே நெருப்புப் பந்து விட எனக்குக் கை வராது. இருபது சதவீதம் குறைத்ததெல்லாம் சேதத்தில்தான், பயத்தில் ஒன்றும் குறையவில்லை.

ரேஜிங் டீமனில் வரிசை கடினமாக இருப்பதும் இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. ஆரம்ப பஞ்ச் வெளியே தெரிந்தால் எதிராளிக்கு எச்சரிக்கை, ஒளித்தால் அடிக்கிறவனுக்குக் கூலி. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் மல்யுத்தக்காரன் ஸாங்கீஃபின் சூப்பருக்கு ஸ்டிக்கை இரண்டு முழு வட்டம் சுற்றும் 720 டிகிரி சுழற்றலும் இதே ரகம்தான். நின்றபடி சுழற்றினால் ஸ்டிக் மேலே போகும்போது ஆள் குதித்துவிடுவான், அதனால் வேறு அசைவுக்குள் ஒளித்துச் சுழற்ற வேண்டும். ஸாங்கீஃப் காரணமில்லாமல் குதித்து இறங்கினால் வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

நடுவில் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கோமாளிப் பாத்திரம் டேன் ஹிபிகியைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 3இல் அவனுக்கு ஓட்டோகோ மிச்சி என்று ஒரு சூப்பர் உண்டு. ரேஜிங் டீமனின் வரிசையைத் தலைகீழாக அழுத்த வேண்டும். அவனும் ஓடிவந்து பிடிப்பான், வெடிக்கும், வெடித்தது தானும் சேர்ந்துதான். முடிந்ததும் டேனிடம் துளி ஹெல்த் மட்டும் மிச்சம். வாங்கியவன் எழுந்து ஒரு லைட் பஞ்ச் போட்டால் போதும். வாங்குகிறவனுக்கு இவ்வளவு தாராளமாக இடம் விட்ட சூப்பர் வேறு இல்லை என்பதால், என் கணக்குப்படி இதற்கு இரண்டாவது இடம் கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், கொடுத்தும்விடுவேன்.

சரி, அகுமாவுக்குத் திரும்புவோம். 2024 மே மாதம் அவன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6க்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது, ரேஜிங் டீமனையும் நீளமான குறும்படமாக்கிவிடுவார்களோ என்று. வரிசை மாறவில்லை, அதே ஐந்து அழுத்தல். ஆனால் ஹெல்த் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விட முடியும் என்று வைத்துவிட்டார்கள். தோற்கிறவனுக்குக் கொடுக்கும் பழக்கம் இங்கேயும் நுழைந்துவிட்டதே என்று முதலில் முணுமுணுத்தேன், இப்போதும் முழுக்கச் சமாதானமாகவில்லை. மேட்ச் தொடக்கத்திலிருந்தே அந்த மிரட்டல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அகுமாவின் பட்டை கடைசிக் கால்வாசிக்கு வந்ததும் எதிராளிகள் ஆடும் விதம் அப்படியே மாறுவதைப் பார்க்கலாம். அதுவரை நிதானமாக முன்னேறி அடித்துக்கொண்டிருந்தவன், ஜெயிக்கப்போகிறவன், ஒரு லைட் பஞ்ச் காற்றில் வீசப்பட்டதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கிறான். டீமன் வரவே இல்லை. வெறும் லைட் பஞ்ச்தான். குதித்தவனுக்கு ஷோர்யூகென்.