என் ஓட்டு ரகசியம், என் தெருவின் ஓட்டு ஊருக்கே வெளிச்சமா?

மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. எங்கள் வாசலில் சாக்கடைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. கேட்டிலிருந்து ரோட்டுக்குப் போக நாலு செங்கல் போட்டு வைத்திருக்கிறோம். நேற்று இரண்டாவது செங்கல்லில் கால் வழுக்கி என் மாமியார் விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. பக்கத்துத் தெருவில் போன வருடமே கால்வாய் கட்டி, சிலாப் போட்டு மூடிவிட்டார்கள். அந்தக் கால்வாய் எங்கள் தெருமுனை வரை வந்து அப்படியே நிற்கிறது.

ஏன் என்று கேட்கப் போனேன். கவுன்சிலர் இல்லை, அவருடைய ஆள் இருந்தார். செல்போனில் ஒரு தாளின் போட்டோவைக் காட்டினார். பூத் வாரியாக ஓட்டுக் கணக்கு. எங்கள் பூத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். "பாருங்கக்கா, உங்க தெரு எங்களுக்குப் போடவே இல்ல. போட்டவங்களுக்கு முதல்ல செய்யணும்ல?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்பது மாதிரி சொன்னார். வயிறு எரிகிறது.

நான் யாருக்குப் போட்டேன் என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆனால் தெரு யாருக்குப் போட்டது என்று இவர் போனில் இருக்கிறது! ஒரு பூத் என்றால் ஆயிரம் ஓட்டுச் சொச்சம், நாலைந்து தெரு, அவ்வளவுதான். சட்டமன்றத் தேர்தலுக்கு பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று காட்டும் படிவம் 20 இணையத்திலேயே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வாக்குச்சீட்டு காலத்தில், தேர்தல் ஆணையம் சொன்ன இடங்களில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. ஓட்டு மெஷின் வந்ததும் ஒவ்வொரு பூத் மெஷினையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள், அந்த மறைப்பு போய்விட்டது.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. பதினாலு மெஷின் வரை சேர்த்து ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே கேட்டது. 2015ல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் பகுதியில் பின்தங்கினோம் என்று தெரிந்தால்தான் அங்கே கூடுதலாக வேலை செய்ய முடியும் என்று வாதம். கூடுதலாகவா? எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். பூத் கணக்கு இல்லாவிட்டால் மோசடியைப் பிடிக்க முடியாது என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஒவ்வொரு பூத்திலும் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று கட்சி ஏஜெண்டுகள் கையில் படிவம் 17சி இருக்கிறது, அதைக் கூட்டி மொத்தக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டுமல்ல. 2019ல் உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரில் பாஜக வேட்பாளர் மேனகா காந்தி மேடையிலேயே சொன்னார்: தங்களுக்கு 80 சதவீதம் ஓட்டு விழும் ஊர் ஏ, 60 விழுந்தால் பி, அப்புறம் சி, டி, அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று. தேர்தல் ஆணையம் எச்சரித்தது. வாய்விட்டுச் சொன்னதால் எச்சரிக்கை. சொல்லாமல் செய்கிறவர்களை யார் கேட்பது?

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. எங்கள் தெரு ஏன் அந்தச் சின்னத்துக்குப் போடுகிறது என்று இவர்களில் ஒருவராவது கேட்டிருப்பார்களா? இந்த இடம் புறம்போக்கு. இடிக்க வண்டி வந்த அன்று அந்தக் கட்சி வட்டச் செயலாளர் ஒருவர் குறுக்கே உட்கார்ந்தார். அப்புறம் அலைந்து திரிந்து பட்டா வாங்கித் தந்தார். என் மாமியார் அந்தப் பட்டாவைப் பாலித்தீன் பையில் சுற்றி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதுதான் அவருடைய அரசியல். இரண்டு தெரு தள்ளி மில் தொழிலாளர் வீடுகள். மில் மூடி எத்தனையோ வருடம் ஆகியும் சங்கத்துக்காரர் சொன்னால் கேட்பார்கள், பாக்கிச் சம்பளத்துக்காக அவர்களோடு நின்றவர் அவர்தான். இதையெல்லாம் சாதி, பணம் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தெரு ஒரு பக்கம் சாய்கிறது என்றால், ஒருநாள் யாரோ அந்தத் தெருவுக்காக வந்து நின்றிருக்கிறார்கள். இப்போது நீங்கள் கால்வாயைக் கட்டியிருந்தால் அடுத்த தடவை எத்தனை பேர் மாறியிருப்பார்கள்!

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். ஐந்தாவது மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். அங்கேயும் முகவரியில் தெருப் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.