திரும்ப ஓட்டினால் பச்சை

நேற்று எங்கள் மொபைல் ஆப்பின் நிரலில் (code) ஒரு வரி கூட மாறவில்லை. காலையில் வந்து பார்த்தால் ஆறு தானியங்கி டெஸ்ட் சிவப்பு, அதாவது ஃபெயில். திரும்ப ஓட்டினால் ஆறும் பச்சை! இதை எப்படி நம்பி ரிலீஸுக்குச் சரி சொல்வது?

நாங்கள் டெஸ்ட் எழுதுவது ஆப்பியத்தில்; மனிதருக்குப் பதிலாக ஆப்பைத் தானே தட்டிச் சோதிக்கும் கருவி அது. அது பட்டனைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பட்டனுக்கும் அக்சஸிபிலிட்டி ஐடி என்ற அடையாளப் பெயரை வையுங்கள் என்று டெவலப்பர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆண்ட்ராய்டில் அந்த ஐடி பட்டனின் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன் (விவரக் குறிப்பு)தான். பார்வையற்றவர்களுக்கு டாக்பேக் என்ற திரை வாசிப்பான் வாசித்துக் காட்டுவதும் அதையே. அதை வைக்காமல் விட்டால் எங்களுக்கு மட்டுமா நஷ்டம்? ஐடி இல்லாததால் நீளமான எக்ஸ்பாத் எழுதுகிறோம்; எந்த லேஅவுட்டுக்குள் எந்த லேஅவுட், அதற்குள் எந்தப் பட்டன் என்று வழி சொல்லும் பாதை அது. யாரோ ஒரு லேஅவுட்டை இன்னொன்றுக்குள் நகர்த்தினால் போதும், பாதையே அறுந்துவிடும்.

அப்புறம் இந்த ஸ்லீப், அதாவது டெஸ்டைச் சில விநாடிகள் சும்மா நிறுத்தி வைப்பது. எது உடைந்தாலும் "அஞ்சு செகண்ட் ஸ்லீப் போடு" என்கிறார்கள். வேகமான போனில் அந்த ஐந்து விநாடியும் வீண், மெதுவான எமுலேட்டரில் (கம்ப்யூட்டரில் ஓடும் போலி போன்) அதுவும் போதாது. பட்டன் திரையில் வரும்வரை காத்திருக்கச் சொல்லி எழுதினால் என்ன? டெஸ்டைக் குழப்பும் திரை அசைவுகளை நிறுத்த, போன் செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அந்த 3 அனிமேஷன் ஸ்கேல்களையும் அணைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதையும் நேற்றுவரை யாரும் செய்யவில்லை.