நேர வரிசையைத் திருப்பித் தாருங்கள்

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேரின் மரண அறிவித்தல், இந்தச் சமூக வலைத்தளத்தைத் திறந்ததும் என் கைத்தொலைபேசித் திரையின் உச்சியில் வந்து நின்றது. மாலை போட்ட படம். இறுதிக்கிரியை நாளை பிற்பகல் 3 மணிக்கு, ஆரையம்பதி இல்லத்தில் என்று மகன் எழுதியிருந்தார். உடனே வகுப்பு நண்பனை அழைத்து, நாளைக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போவோமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "மச்சான், சேருக்கு நேற்று எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டதே" என்றான்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். மகனின் பெயருக்குக் கீழே, கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற சாம்பல் நிற எழுத்தில், "9 நாட்கள்" என்று இருந்தது.

அந்த ஒன்பது நாட்களும் நான் இந்தத் தளத்துக்கு வராமல் இருக்கவில்லை. காலையும் மாலையும் வந்தேன். யாரோ ஒருவர் வயல் நடுவே முழு ஆட்டை அண்டாவில் போட்டுச் சமைப்பதைக் காட்டியது. இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் ஒருவரையொருவர் வைவதைக் காட்டியது. எப்போதோ ஒருமுறை சப்பாத்து விலை பார்த்ததற்காக நாள் தவறாமல் சப்பாத்து காட்டியது. மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிற எனக்கு ஆரையம்பதி, சைக்கிளில் போனால்கூட அரை மணித்தியாலம். ஐந்து வருடம் என் கையைப் பிடித்துக் கணக்குச் சொல்லித்தந்த மனிதருக்கு ஒரு பிடி மண் போடப் போகவில்லை.

கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்குப் போகிற வழியில்தான் காத்தான்குடி. அங்கே ஒரு ஜனாஸா என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். சற்று நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊர்களில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அதற்கும் முன்னால் இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் இருந்தது. பெயர்கள் வாசிக்கப்படும்போது வீட்டில் எவரும் பேசக்கூடாது என்று அம்மம்மா கையைக் காட்டுவார். இந்தச் செய்தி இவருக்குப் பிடிக்குமா, இதைக் கேட்டால் இன்னும் பத்து நிமிடம் வானொலியின் முன் இருப்பாரா என்று அவற்றில் ஒன்றும் கணக்குப் பார்க்கவில்லை. நடந்ததை நடந்த நேரத்தில் சொன்னது, அவ்வளவுதான்.

நான் 2009இல் இந்தத் தளத்தில் சேர்ந்தேன். நகரத்தில் ஒரு நெற் கபேயில், மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்ட நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். அப்போது மேலிருந்து வாசித்துக்கொண்டு கீழே வருவேன். முதல் நாள் பார்த்த பதிவு தென்பட்டதும் எழும்பிவிடுவேன். அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை.

இன்று அப்படி ஒரு முடிவு என்பதே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006இல் உருவாக்கிய அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாகவே வருத்தம் தெரிவித்தார். 2016இல் ட்விட்டரும் இன்ஸ்டகிராமும்கூட நேர வரிசையை விட்டு, எதை முதலில் காட்டுவது என்பதைக் கணினிக் கணிப்பிடம் ஒப்படைத்தன. காரணம் ஒளிவுமறைவானது அல்ல. நாம் எவ்வளவு நேரம் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம்.

நான் பாவிக்கும் தளத்தில் நேரப்படி பார்க்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. மூன்று கோடுகள் போட்ட குறியை அழுத்தி, பட்டியலில் கீழே போய், இன்னொரு பட்டியலைத் திறந்து அதைத் தேட வேண்டும். மூடிவிட்டுத் திரும்ப வந்தால் மறுபடியும் பழைய கோலம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, கண்ணில் பட்ட பதிவை விழுங்கிவிடுவதும் உண்டு. பிறகு எத்தனை தேடினாலும் அது அகப்படாது.

மாரி காலத்தில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது, வீதியை மூடிப் பாய்கிற தண்ணீரின் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு என் தங்கை இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டு அழைத்தாள். அது முந்தைய ஏதோ ஒரு வெள்ளத்தில் எடுத்தது. அன்றைய உண்மையான அறிவித்தல் இரண்டு நாள் கழித்து, தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு எனக்கு வந்து சேர்ந்தது. திகதியைப் பெரிதாகப் போட ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகும்?

இது வசதிக் குறைவு மட்டும் என்று நினைப்பவர்கள் 2018 பெப்ரவரியை நினைத்துப் பாருங்கள். அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய், காணொளியாகப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் கண்டியில் எரிந்தது. அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எந்தத் தளமானாலும், எதற்கு அதிகம் பேர் கொதிக்கிறார்களோ அதை மேலே ஏற்றுகிற முறை இருக்கும்வரை, பொய்க்கு ஏணி தேவையில்லை.

எங்கள் நாட்டில் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது இணையப் பாதுகாப்புச் சட்டம், வந்தது. அதன் கண் நாங்கள் எழுதுவதன்மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமோ, மிகப் பெரிய தளங்கள் பயனரின் பழக்கவழக்கங்களை அளந்து தெரிவுசெய்யாத ஒரு வரிசையையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. பேர்லினில் இருப்பவனுக்கு உரிமையானது மட்டக்களப்பில் இருப்பவனுக்கு ஏன் இல்லை?

ஆயிரம் நண்பர்கள் இருந்தால் எல்லாவற்றையும் நேரப்படி வாசிக்க முடியாது என்று ஒரு தம்பி சொன்னார். சரி, கணிப்பு வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் அப்படியே நிற்க வேண்டும்.

31ஆம் நாளுக்கு சேர் வீட்டுக்குப் போயிருந்தேன். "நீங்கள் வருவீர்கள் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம் அண்ணா" என்றார் மகன். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

எங்கள் வகுப்பினரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு வெள்ளம் என்றால் இங்கே பதிவிட்டுவிட்டு எனக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். என் இலக்கம் உங்களிடம் இருக்கிறது. நடுச்சாமம் ஆனாலும் அழையுங்கள்.