வங்கி மதிப்பீடு வேறு, வீட்டுப் பரிசோதனை வேறு
"வங்கியே ஆள் அனுப்பிப் பார்த்துத்தான் கடன் தருகிறது, அதனால் வீட்டில் குறை இருக்காது" என்று வீடு வாங்குகிறவர்கள் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. கடன் திரும்பி வராவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கேள்வி. மதிப்பீட்டாளர் சில நேரம் உள்ளே போகாமலேகூட முடித்துவிடுவார். கூரைக் கசிவு, பழைய ஒயரிங், அடைத்துப்போன கழிவுநீர்க் குழாய் இதையெல்லாம் தேடுவது அவர் வேலை இல்லை. நீங்களே சரிபார்க்கலாம்: மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், இது கடன் தருபவரின் பயன்பாட்டுக்கு மட்டும், கட்டட ஆய்வு அல்ல என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். புறநகருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அவசரத்தில் வங்கி மதிப்பீட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்களோ என்றுதான் கவலை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு கட்டடப் பொறியாளரைத் தனியாக அழைத்துப் போய்க் காட்டுங்கள்.