வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கக் கூடாதாம்!

பழைய வண்டி விற்கிற புண்ணியவான்களே, ஒரு கேள்வி. ஃபோர் வீல் டிரைவ் என்று சொல்லித்தானே கூடுதலாக ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கேட்கிறீர்கள்? அந்த முன் சக்கரங்களுக்கு இன்ஜினிலிருந்து இழுவை போகிறதா இல்லையா என்று பார்க்க வந்தவன் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தால் மட்டும் ஏன் உங்கள் முகம் சுண்டிப்போகிறது? பானட்டைத் திறந்து காட்டுகிறீர்கள். பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக் காட்டுகிறீர்கள். கூரையில் வரிசையாகப் பொருத்திய விளக்குகளைப் பட்டப்பகலில் எரியவிட்டுக் காட்டுகிறீர்கள். அடிப்பக்கம் என்றதும், "சார், சட்டை அழுக்காகிவிடும்" என்று அப்படியொரு அக்கறை!

என் சட்டையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சரிவில் காப்பியும் மிளகும் வைத்துப் பிழைக்கிறவன் நான். சேறு எனக்குப் புதிதல்ல; அந்தச் சேற்றால்தான் உங்கள் வாசலில் வந்து நிற்கிறேன். பழனி மலையில் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு வருவதும் அதையொட்டித்தான். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். மூட்டையில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். வாங்குகிறவர் முகர்ந்து பார்த்தே விலையைக் குறைப்பார். தார் ரோட்டுக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே இருப்பது செம்மண் பாதை. ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் வாடகை ஜீப்காரர் சொல்வதுதான் கூலி. அதுவும் அவர் போனை எடுத்தால்.

"அதற்கு எதற்கப்பா ஃபோர் வீல்? டயர் நன்றாக இருந்தால் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீலே ஏறிவிடுமே" என்பார் எங்கள் மாமா. பண்ணைக்காடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஏறிவிடும், யார் இல்லை என்றது? பின்னால் மூட்டை ஏற்றினால் பின் சக்கரத்துக்குப் பாரம் கிடைத்து, சாதாரண பிக்கப் வண்டிகூட முக்கி முனகி ஏறிவிடும். வில்லங்கம் இறக்கத்தில் இருக்கிறது. ஈரச் செம்மண்ணில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி மட்டும் தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போகும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, கிளட்சிலும் பிரேக்கிலும் கால் வைக்காமல் விட்டால், இன்ஜினே நான்கு சக்கரங்களையும் இழுத்துப் பிடித்து வண்டியை இறக்கிவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் எனக்கு இவ்வளவு அலைச்சல். எங்கள் பாதை ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. நம் நல்ல நேரத்துக்கு ஒரு சில்வர் ஓக் மரம் நின்றால் உண்டு.

கையில் இருப்பது 6 லட்சம். மிளகு விற்ற காசும் சொசைட்டிக் கடனும் சேர்ந்தது. இந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர் என்று போகாத இடமில்லை. எங்கே போனாலும் ஒரே பல்லவி: "சார், டாக்டர் ஓட்டிய வண்டி." தமிழ்நாட்டில் ஜீப் ஓட்டிய டாக்டர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றால், எங்கள் மலைக் கிராமங்களுக்கு ராத்திரி நேரத்தில் ஒருவர்கூட ஏன் வந்து சேர்வதில்லை?

அப்படி ஒரு டாக்டர் வண்டிக்கு அடியில்தான் அன்றைக்குப் படுத்தேன். மதுரைப் பக்கம், பெரிய விற்பனைக் கூடம். தரகர் தடுத்தும் கேட்காமல் கோணிப்பையை விரித்து உள்ளே நுழைந்துவிட்டேன். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போக வேண்டிய புரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது இழுவையைக் கொண்டுபோகும் தண்டை, காணோம். அது இருக்க வேண்டிய வாயில் பழைய டியூப் ரப்பர் துண்டைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். கம்பியின் நுனியில் கசிந்த ஆயில் ஒரு சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இருக்கைக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் லிவர் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. அதன் தலைக்குப் புத்தம் புதிய குமிழ் வேறு! லிவரைப் போட்டால் 'டக்' என்று விழுகிறது. டாஷ்போர்டில் பச்சை விளக்கும் எரிகிறது. சக்கரத்துக்குத்தான் ஒன்றும் போகவில்லை.

வெளியே வந்து கேட்டேன். கொஞ்சமும் கூசாமல், "டீசல் மிச்சமாகும் என்று கழற்றி வைத்தோம் சார். ஷாஃப்ட் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. முன்பணம் கொடுங்கள், மாட்டித் தருகிறோம்" என்றார். வீட்டில் ஷாஃப்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறாரா? ஜாயிண்ட் தேய்ந்து சத்தம் போட்டிருக்கும், அல்லது முன் ஆக்ஸிலின் கிரவுன் கியரில் பல் போயிருக்கும். சரிசெய்ய மனமில்லாமல் கழற்றி எறிந்திருப்பார்கள். அந்த வண்டிக்குத்தான் ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர், இரண்டு பக்கமும், கையளவு எழுத்தில்.

ஷாஃப்ட் இருந்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? இன்னொருவர் சிமெண்டுத் தரையில் ஃபோர் வீலைப் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தார். டயர் அலறியது, வண்டி திக்கித் திக்கி நின்றது. "பார்த்தீர்களா, நன்றாகப் பிடிக்கிறது!" என்று அவருக்குப் பெருமை. அடப்பாவி, வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த மாதிரிப் பார்ட் டைம் அமைப்பில் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த சிமெண்டில் எங்கே போகும்? எல்லாம் கியர் பல்லிலும் ஷாஃப்டிலும்தான் இறங்கும். விற்கிறவருக்கே இது தெரியவில்லை என்றால், அந்த வண்டி இதுவரை யார் யார் கையில் என்ன பாடு பட்டதோ!

மீட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். 62,000 கிலோமீட்டர் என்று காட்டும்; கிளட்ச் பெடல் ரப்பரோ மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும். பெடல் ரப்பர் புதிதாக இருந்தால் ஸ்டியரிங் வழுவழுவென்று இருக்கும். மீட்டர் உண்மையே சொன்னாலும், மலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஓடிய 60,000 வேறு, திருச்சி ரோட்டில் ஓடிய 60,000 வேறு. தோட்ட வண்டி என்றால் தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். உர மூட்டை ஏற்றிய வண்டியில் உப்பு இறங்கி உள்ளிருந்தே தகடு அரித்திருக்கும். மேலே ரப்பர் விரிப்பு, கீழே கறுப்புப் பெயிண்ட், நடுவில் துரு. ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாகக் குத்தினால் உள்ளே போய்விடுகிறது. குத்தினால் கோபம் வேறு வருகிறது அவர்களுக்கு!

இதெல்லாம்கூடப் பழகிப்போன வயிற்றெரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல், இந்த வண்டிகளின் விலையை யார் ஏற்றிவைத்தார்கள் என்பது. சனி ஞாயிறு ஆனால் கொடைக்கானலுக்குக் கூட்டமாகக் கிளம்பி வந்து, ஓடையில் தண்ணீரை வாரி இறைத்துப் படம் பிடிக்கிறவர்கள்தான். அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் வண்டியில் ஏறுகிறது, கூடவே விலையும் ஏறுகிறது. அகல டயர் போட்டிருக்கிறது, 40,000 கூடக் கொடுங்கள் என்கிறார்கள். அகல டயரால் எனக்கு என்ன பயன்? அந்தக் காலத்து ஜீப்பில் 6.00-16 என்று ஒல்லி டயர் போட்டது ஏழ்மையால் அல்ல. அது மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும். அளவு பெரிதானால் இழுவை குறையும், பிரேக்குக்கும் ஆக்ஸிலுக்கும் வேலை கூடும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். தண்ணீருக்கு மேல் காற்று இழுக்க ஒரு குழாயை பானட் ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் மறுமுனை ஏர் ஃபில்டரில் சேரவே இல்லை, தகட்டில் திருகி நிறுத்தியிருக்கிறது!

இத்தனை அலங்காரத்துக்கும் காசு கொடுத்து வாங்கினால், பெயர் மாற்றப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. விற்றவர் அதற்குள் போன் எண்ணை மாற்றியிருப்பார்.

மலிவாக வேண்டுமா, டெல்லி வண்டி இருக்கிறது என்கிறார்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதிலிருந்து அங்கே கழிக்கிற வண்டிகள் தெற்கே வந்துகொண்டிருக்கின்றன. வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், மறுபதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் விலையை மட்டும் சொல்லி ஆசை காட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னொரு ரகம். 2015 சென்னை, 2018 கேரளம், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னை. தண்ணீர் வடிந்துவிட்டது, வண்டிகள் எங்கே போயின? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சில வண்டிகளில் பதில் கிடைக்கிறது. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்புக் கோடு, விரலில் வண்டல் பொடி.

ஒரு விற்பனைக்காரர் பில் போடும்போது மொத்த விலைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்னார். ஐயா, பழைய வண்டிக்கு அந்த வரி நீங்கள் வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல்தான். மொத்தத்தின் மேல் அல்ல. தனியார் ஒருவர் சொந்த வண்டியைத் தனியாருக்கு விற்றால் அதுவும் கிடையாது. சொன்னதும், "கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது" என்றார். கம்ப்யூட்டர் என்றைக்காவது நமக்குச் சாதகமாகத் தப்புப் போட்டதுண்டா?

சரி, எதைத்தான் வாங்குவது? மாருதி ஜிப்ஸி நல்ல வண்டி; எடை குறைவு, சேற்றில் புதையாமல் வரும். 1985-இல் வந்தது, பொதுச் சந்தைக்குத் தயாரிப்பு நின்று சில வருடங்கள் ஆகின்றன. நின்றதுதான் தாமதம், பரணில் கிடந்ததெல்லாம் பொக்கிஷம் ஆகிவிட்டது. அதுவும் பெட்ரோல், மூட்டை ஏற்றி மலை ஏறினால் குடிக்கிற குடி தாங்காது. மஹிந்திரா தார் என்ற பெயரை நம்பியும் ஓட முடியாது. 2010-இல் வந்த பழைய தாரிலேயே டூ வீல் உண்டு; 2023 ஜனவரியிலிருந்து புதியதிலும் பின் சக்கர இழுவை மட்டும் உள்ளது வந்துவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. போன மழைக்கு அப்படி ஒன்று எங்கள் பாதையில் புதைந்து, அதை இழுத்துவிட ஆள் கேட்டு வந்தார்கள். ரெனோ டஸ்டரில் நான்கு சக்கர இழுவை 2014-இல் வந்தது. கொடைக்கானல் டவுனில் இருப்பவருக்கு அருமையான வண்டி. ஆனால் லோ ரேஞ்ச் கிடையாது, எனக்கு வேண்டியதே அதுதான். டாடா சஃபாரி ஃபோர் வீல் என் விலைக்குக் கிடைக்கிறது. எங்கள் கொண்டை ஊசிகளில் எதிரே பஸ் வந்தால் அத்தனை பெரிய உடம்பை எங்கே ஒதுக்குவது? மஹிந்திராவின் பழைய மேஜர், எம்.எம்.540 ஜீப்புகளை எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஆனால் பதினைந்து வருடம் தாண்டியதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

என் கணக்குக்குப் பொருந்துவது மஹிந்திரா பொலேரோ கேம்பர் ஃபோர் வீல்தான். சரக்கு வண்டி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு அடிக்கடி ஓட வேண்டும், பார்க்க லட்சணமும் கிடையாது. அதனாலேயே அந்தச் சனி ஞாயிறு விளையாட்டுக்காரர்கள் அதைச் சீண்டுவதில்லை. ஆனால் வைத்திருக்கிற தோட்டக்காரர் எவரும் விற்க மாட்டேன் என்கிறார்.

பறிப்பு நெருங்குகிறது. தரகர்கள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இனிமேல் கூப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் அடிப்பக்கப் படம் அனுப்புங்கள். முன் ஷாஃப்ட் இரண்டு முனையும் தெரிய வேண்டும். பிறகு மண் தரையில் லோ ரேஞ்ச் போட்டு ஓட்டிப் பார்க்கச் சம்மதமா என்று சொல்லுங்கள். கூரை விளக்குப் படம் அனுப்புகிறவரின் எண்ணை அந்த நிமிடமே பிளாக் செய்துவிடுவேன்.