முடியாது என்றாவது சொல்லித் தொலையுங்கள்

"தம்பியை நல்ல தெரபிஸ்டாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போயேன்" என்று எனக்குச் சொல்லாத ஆள் இனி பாக்கியில்லை. சொந்தக்காரர்கள், நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. சொல்லிவிட்டு, ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு போய்விடுகிறார்கள். யாரைப் பார்ப்பது, அவர் எங்கே இருக்கிறார், போனை எடுப்பாரா என்று கேட்டால் மட்டும், "நெட்ல பாரு, நிறைய இருக்காங்க" என்று பதில் வருகிறது. இருக்கிறார்கள்தான். சிரித்த முகம் இருக்கிறது, பின்னால் பச்சைச் செடி இருக்கிறது, "உங்கள் மனதுக்கு ஒரு பாதுகாப்பான இடம்" என்ற வாசகம் இருக்கிறது. கூப்பிட்டால் எடுக்கத்தான் ஆள் இல்லை.

என் தம்பிக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் துரத்த, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். உடனே "ஓ, ரொம்ப சுத்தம் பார்ப்பாரா? எனக்கும் கொஞ்சம் உண்டு" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவன் வீட்டைப் பூட்டுவான். பூட்டை இழுத்துப் பார்ப்பான். படி இறங்குவான். திரும்ப ஏறி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். பூட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் தெருமுனையில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தபடி எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தான். "அக்கா, இது இன்னைக்கு எடுத்ததுதானே? நேத்து எடுத்தது இல்லையே?" படத்தின் மேலேயே தேதியும் நேரமும் இருக்கின்றன. அவனுக்கும் தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம்? வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாமல், வேலையே போய்விடும்போல் இருக்கிறது.

மனநல மருத்துவர் ஒருவர் கிடைத்தார். அதுவரை சந்தோஷம். மருந்து எழுதினார். ஓசிடிக்கு மருந்து பிடிக்க இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம், பாதியில் நிறுத்திவிடாதீர்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கூடவே தெரபியும் அவசியம் என்றார். "யாரிடம் போகட்டும் டாக்டர்?" என்று கேட்டேன். "பக்கத்துல நல்ல ஆளா பாருங்க" என்றார். அவ்வளவுதான், அடுத்த டோக்கன். கால் எலும்பு முறிந்து வந்தவரிடம், "எக்ஸ்ரே எங்கேயாவது தேடிப் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல இடமாக இருக்கட்டும்" என்று யாராவது அனுப்புவார்களா?

சரி, நல்ல ஆளைத் தேடுவோம் என்று உட்கார்ந்தேன். 'அருகில்' என்று போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பவர்கள் லைஃப் கோச், தியான வகுப்பு நடத்துபவர், என்ன படிக்கலாம் என்று மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர். அவர்களையெல்லாம் தள்ளிவிட்டுப் போனால் தெரபிஸ்டுகளுக்கென்றே இருக்கும் பட்டியல்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் 'எதற்கெல்லாம் சிகிச்சை தருகிறார்' என்று ஒரு பகுதி உண்டு. படித்தால் சிரிப்புதான் வரும். மனச்சோர்வு, பதற்றம், ஓசிடி, போதைப் பழக்கம், துக்கம், தம்பதியர் சண்டை, குழந்தைகள், முதியவர்கள், உணவுக் கோளாறு, தூக்கமின்மை, தன்னம்பிக்கை என எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரே மனிதர்! இத்தனைக்கும் ஒருவரே போதும் என்றால் மீதிப் பேர் எதற்குப் பட்டியலில் இருக்கிறார்கள்?

அந்த டிக் எனக்கு அலங்காரம் இல்லை, தம்பிக்கு அது வாழ்வா சாவா. ஓசிடிக்கு என்றே ஒரு சிகிச்சைமுறை இருக்கிறது, ஈஆர்பி என்பார்கள். பயப்படும் சூழ்நிலையில் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கவைத்து, வழக்கமாகச் செய்யும் அந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் தாக்குப்பிடிக்கப் பழக்குவது. நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதற்கு அடித்தளம் போட்ட கட்டுரையை 1966-இலேயே வெளியிட்டுவிட்டார். இந்த முறையில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்வது. "பூட்டியிருக்கிறாய், கவலைப்படாதே" என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நோய்க்குத் தீனி போடுகிறோம். இது ஓசிடி பற்றிப் படிக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம்.

ஓசிடிக்கு டிக் போட்டிருந்த ஒருவரிடம் தம்பியை அழைத்துப் போனேன். ஐம்பது நிமிடமும் அன்பாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. மூச்சை இழுத்து விடச் சொன்னார். கடைசியில், "நீங்க கண்டிப்பா பூட்டியிருப்பீங்க, உங்களையே நம்புங்க, சந்தேகம் வந்தா அக்காவைக் கேட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார். அக்காவைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம்! அதுவரை எப்போதாவது வந்த போன் அதற்கப்புறம் தினமும் வர ஆரம்பித்தது. இப்போது அது தெரபிஸ்டே எழுதிக்கொடுத்த வைத்தியம் அல்லவா? அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஓசிடி தெரியாது. தெரியாத இடத்தில் டிக் போட்டார், அதுதான் என் ஆத்திரம்.

அதற்கப்புறம் போன் செய்யும்போதே நேரடியாகக் கேட்க ஆரம்பித்தேன். "ஈஆர்பி செய்வீர்களா? ஓசிடி உள்ளவர்களை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா?" இதில் என்ன தப்பு? ஒரு பெண்மணி சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "நெட்ல படிச்சிட்டு வர்றவங்களுக்கு வைத்தியம் பார்க்கறது கஷ்டம்" என்றார். படிக்காமல் போய்த்தானே அம்மா அந்த ஐம்பது நிமிடம் போனது! தெரபியில் பலன் கிடைப்பதற்கும், தெரபிஸ்டும் வருபவரும் ஒருவரோடொருவர் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதற்கும் தொடர்பு உண்டு என்று உங்கள் துறைதானே சொல்கிறது? எட்வர்ட் போர்டின் என்பவர் 1979-இலேயே அதை மூன்றாகப் பிரித்து எழுதிவைத்தார். குறிக்கோளில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. முதல் இரண்டும் கேள்வி கேட்காமல் எங்கிருந்து வரும்?

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அதுவும் ஒரு காடு. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அதுவரை புரிகிறது. மருத்துவ உளவியலாளர், உளவியல் ஆலோசகர், கவுன்சிலர், தெரபிஸ்ட், 'சான்றிதழ் பெற்ற' தெரபிஸ்ட் என்று போகிறதே, இதில் யார் ஆண்டுக்கணக்கில் படித்து மேற்பார்வையில் பயிற்சி எடுத்தவர், யார் ஒரு வார இறுதி வகுப்போடு பலகை மாட்டியவர் என்று சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்டனிலேயே கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்ற பட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அங்கேயே அப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த மௌனம். போன் அடித்து அடித்து ஓய்கிறது. மெசேஜ் போட்டால் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மெயில் எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். 'புதியவர்களை ஏற்கிறார்' என்று பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. கடைசியில் அந்த எண்ணை எடுத்தவர், "அவங்க இங்கேர்ந்து போய் ரொம்ப காலம் ஆச்சே" என்கிறார். நான் போன் செய்வதே அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு, மேலாளர் கண்ணில் படாமல். ஏனென்றால் இவர்கள் போன் எடுக்கும் நேரமும் நான் வேலை செய்யும் நேரமும் ஒன்று. 'கட்டணம் எவ்வளவு' என்பதற்கு நேராக 'அழைக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். அழைத்தால் எடுத்துவிடுகிற மாதிரி!

அப்படியே யாராவது எடுத்துவிட்டால் அடுத்த சுவர். "வயது வந்தவர்தானே? அவரே பேசணும்." நியாயம்தான். ஒருவருடைய மனநல விஷயத்தை அவருக்குத் தெரியாமல் அக்காவானாலும் அம்மாவானாலும் பேசக் கூடாது, அந்த விதியை நான் மதிக்கிறேன். ஆனால் தம்பிக்குப் போனில் புது ஆளிடம் பேசுவதே இமயமலை. பேசிவிட்டு, தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமா என்று அன்று முழுக்க ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். "அக்கா, நீயே பேசிடேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். போனை அவனிடம் கொடுத்து, "ஆமாங்க, எனக்குத்தான், அக்கா பேசட்டும்" என்று சம்மதம் சொல்லவைக்கப் பத்து வினாடி போதும். அதற்கு ஒரே ஒரு இடத்தில்தான் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் "அவரையே கூப்பிடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். போன் செய்ய முடியாத அளவுக்கு நோய் முற்றியவர், போன் செய்தால்தான் நோய்க்கு மருந்தாம்.

அப்புறம் படிவம். ஒரு மையத்தின் படிவத்தைத் தம்பியோடு உட்கார்ந்து நிரப்பினேன். உள்ளே பிஹெச்கியூ-9 இருந்தது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள், மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று போய், ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. தம்பி ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 'சில நாட்கள்' என்பதைத் தொட்டான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. படிவத்தை அனுப்பினோம். 'நன்றி! எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்புகொள்ளும்' என்று ஒரு பூங்கொத்துப் படம் வந்தது.

யாரும் தொடர்புகொள்ளவில்லை. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. அந்த ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் ஒருவர் நேரில் பேசி விசாரிக்க வேண்டும் என்பது அந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்துகிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். படித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் எதற்கய்யா கேட்கிறீர்கள்? யாரைக் கேட்டு அந்தக் கேள்வியை அங்கே வைத்தீர்கள்? படிவத்தை நிரப்பிய அன்றிரவே அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன், அவர் பார்த்துக்கொண்டார். அக்கா இல்லாதவர்கள் அந்தப் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

தெரபிஸ்டுகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மனநல அட்லஸைப் பார்த்தால், நாடுகளை வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் ஒரு லட்சம் பேருக்கு மனநலப் பணியாளர்கள் 13 பேர். அதில் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் எல்லாரும் அடக்கம். ஏழை நாடுகளில் இரண்டு பேர்கூடக் கிடையாது. அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் மனநலத்துக்குப் போவது 2 சதவீதத்தை ஒட்டித்தான். நாள் முழுக்க மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுவிட்டு, இரவில் நூறு மெசேஜுக்குப் பதில் எழுத யாருக்குத் தெம்பிருக்கும்? புரிகிறது. ஆனால் "இப்போது இடமில்லை" என்று ஒரு தானியங்கிப் பதிலை ஒருமுறை எழுதிவைத்தால் போதுமே, அதற்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.

"ஆன்லைன்ல பாரேன்" என்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஆன்லைன் தெரபி பலருக்குப் பலன் தருகிறது, எனக்கு அதில் சண்டை இல்லை. என் தம்பிக்கு வீட்டில் தனி அறை கிடையாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருக்க, தன் தலைக்குள் வரும் கோரமான எண்ணங்களை லேப்டாப்பிடம் எப்படிச் சொல்வான்? அவனுக்குக் கதவு மூடிய ஒரு அறை வேண்டும். தவிர, அவன் பிரச்சினையே வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே கிளம்புவதுதான். கிளம்பிப் போய்ச் சேருவதே பாதி சிகிச்சை.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் பதில் போட்டார். அறிமுகம் இல்லாதவர், பட்டியலில் கடைசிப் பக்கத்தில் கிடந்தவர். "என்னிடம் இப்போது இடமில்லை. ஓசிடியில் எனக்குப் பயிற்சியும் கிடையாது, நான் எடுத்தால் உங்கள் தம்பிக்குக் கெடுதல். இன்னார் ஈஆர்பி செய்கிறார், காத்திருக்க வேண்டியிருக்கும். அவரிடம் என் பெயரைச் சொல்லுங்கள்." இதை எழுத அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? அவர் சொன்னவரிடம் கேட்டோம். இடம் காலியாகச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள், தேதியும் சொன்னார்கள், அதுவரை வீட்டில் நாங்கள் எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்கள். காத்திருக்கிறோம். மாதக்கணக்கில் காத்திருப்பது எரிச்சல்தான், ஆனாலும் தேதி தெரிந்து காத்திருப்பதில் தம்பி கொஞ்சம் அடங்கியிருக்கிறான்.

ஆகவே, பட்டியல் நடத்துபவர்களே, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது உள்ளே இருப்பவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராத பெயரைத் தூக்குங்கள். ஒருவர் எத்தனை டிக் போடலாம் என்பதற்கு ஒரு அளவு வையுங்கள், நாலைந்துக்கு மேல் வேண்டாம். மருத்துவர்களே, 'நல்ல ஆள்' யார் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரபிஸ்டுகளே, இடமில்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், தெரியாது என்றால் அந்த டிக்கை எடுங்கள், படிக்க ஆள் இல்லையென்றால் அந்த ஒன்பதாவது கேள்வியைக் கேட்காதீர்கள். நீங்கள் முடியாது என்று சொன்னால் நாங்கள் ஒன்றும் இடிந்துபோக மாட்டோம், அடுத்த எண்ணுக்குப் போவோம்.