நீதிபதியின் கண்ணா, நம் கண்ணா?

பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த, இங்கிலாந்து நீதிபதி ஜான் மோரின் கோட்டோவியத்தை யார் பகிர்ந்தாலும் கூடவே ஒரு வரி வந்துவிடுகிறது: ‘எத்தனை வழக்குகளைப் பார்த்த கண்கள்!’ எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கண் எதுவும் சொல்லவில்லை. படத்தின் மேலே ‘ஜட்ஜ் மோர், சர் தாமஸ் மோரின் தந்தை’ என்று எழுதியிருக்கிறதே, அதுதான் சொல்கிறது. (மகன் தாமஸ் மோர், ‘உட்டோப்பியா’ எழுதியவர்.)

அதுவும் ஹோல்பைன் எழுதியதல்ல. இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் அவருடைய எண்பது சொச்சம் முகங்களில் பெயர்கள் பின்னால் ஏறியவை. சில தப்பும்கூட. ‘மதர் ஜாக்’ என்று எழுதியிருக்கும் பெண், மோர் வீட்டில் வளர்ந்த மார்கரெட் கிக்ஸ் என்றுதான் இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிழவர் ஜான் மோர் விஷயத்தில் பெயர் சரி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கும், ஹோல்பைனின் மோர் குடும்பப் பட வரைவில், வயது 76 என்ற குறிப்போடு மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முக்கியமானது அந்தக் குடும்பப் படம்தான். 1527 வாக்கில் அதற்காகத்தான் ஹோல்பைன் கறுப்புச் சாக்பீஸும் வண்ணச் சாக்பீஸும் கொண்டு இந்த முகத்தை வரைந்து வைத்துக்கொண்டார். முடித்த ஓவியம் 1752இல் தீயில் போய்விட்டது. நம்மைப் பார்க்காமல் விலகிப்போகும் அந்தப் பார்வை, கூட்டத்தில் ஒருவராக உட்காரப்போகிறவரின் பார்வை. தனியாக எடுத்துப் பார்க்கும் நமக்குத்தான் அது தீர்ப்பை யோசிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

போன வாரம் எழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு மாமனாரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், “ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்ட மாதிரி இருக்காரு. குசும்பு பிடிச்ச ஆளோ?” என்றார்.

தாமஸ் மோர் தன் கல்லறைக்காக எழுதிவைத்த வாசகத்தில் அப்பாவை இனிமையானவர், சாந்தமானவர், இரக்கம் உள்ளவர், கறைபடாதவர் என்கிறார். சரி, மகன் அப்படித்தான் எழுதுவான். ஆனால் அந்தக் கிழவர் சொன்னதாக ஒரு பகடியும் வழங்கிவருகிறது: பெண் தேடுவது பாம்புப் பைக்குள் கைவிடுவது போல, ஏழு பாம்புக்கு ஒரு விலாங்குதான் இருக்கும். சொன்னவர் நான்கு கல்யாணம் செய்தவர்!

இதைப் படித்த பிறகு படத்தைப் பார்த்தால் எனக்கும் அந்த உதட்டோரத்தில் குசும்புதான் தெரிகிறது. பாருங்கள், நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.